ஒரு தும்மல்கூட இல்லை

9 மே 2020, சனி

உலகநாதன் வந்துவிட்டான். வடிவின் தம்பி. சென்னையில் ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர். கடை மூடி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கையில் இருந்ததெல்லாம் கரைந்தபிறகு அக்கா வீடு ஞாபகம் வந்திருக்கிறது. இ-பாஸ் வாங்கி, மாவட்ட எல்லையில் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை முடித்து, சாயங்காலம் பாளையங்கோட்டை வந்து வாசலில் நின்றான்.

நான் நடைக் கதவைத் திறக்கவில்லை. வெளிப்படி வழியாக நேரே மாடி அறைக்குப் போகச் சொன்னேன். பாய், தலையணை, மண்பானை எல்லாம் காலையிலேயே வைத்தாகிவிட்டது. வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எட்டு வயசுல இருந்து நான் வளத்த பிள்ளை. ஒரு வாய் காப்பி கையில குடுக்க விடமாட்டேங்கியளே."

"உனக்குச் சுகர் இருக்கு. பதினாலு நாள் கழிச்சு இடுப்புல தூக்கி வச்சுக் கொஞ்சு, நான் கேக்கல" என்றேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. உலகுதான் பிள்ளை. நாற்பத்து நாலு வயதுப் பிள்ளை. பாசம் எனக்கும் உண்டு, ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. ஆயுள் முழுக்க பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவனுக்கு அது தெரியாமல் இருக்குமா.

10 மே, ஞாயிறு

வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு.' தெருவே நின்று வாசித்தது. ஸ்டிக்கர் உலகுக்குத்தான், எனக்கில்லை. பின்வாசல் வழியாகப் போய், பள்ளி மைதானத்தில் வழக்கம்போல் நண்பன் சுடலைமுத்துவோடு நடந்தேன். வாட்ச்மேன் நம்ம பழைய மாணவன், சின்னக் கேட்டைத் திறந்துவிடுவான். ஊரடங்கு வந்தபிறகு மைதானம் முழுக்க எங்கள் இருவருக்குத்தான். சுடலையின் மகன் போன வாரம் மும்பையிலிருந்து வந்திருக்கிறானாம். ஜம்மென்று இருக்கிறானாம்.

வியாதி இருந்தால் ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எத்தனை பையன்களை வெயிலில் நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

12 மே, செவ்வாய்

உலகின் போனுக்குத் தகவல் வந்துவிட்டது. கிருமி இல்லை. வடிவு அந்த நிமிஷமே மாடிக்கு ஓடப் பார்த்தாள். பதினாலு நாள் என்றால் பதினாலு நாள்தான் என்று தடுத்துவிட்டேன்.

"அப்ப நீங்களாவது அவனுக்குத் திருநீறு பூசிட்டு வாங்க. இந்த வீட்டுல இருந்துக்கிட்டு வெறும் நெத்தியா இருக்கக்கூடாது."

இது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் குளித்துச் சாமி கும்பிட்டதும் வடிவுக்கு நான்தான் திருநீறு பூசுவேன். பூசி, கண்ணில் விழாமல் இடது கையால் புருவத்துக்கு மேலே மறைத்து, ஒரு ஊது ஊதிவிடுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கல்யாணமான மறுநாள் ஆரம்பித்தது. உலகு எங்களோடு இருந்து படித்த காலத்தில் அவனும் வரிசையில் வந்து குனிவான். பரீட்சை நாளில் இரண்டு தரம் ஊதச் சொல்வான்.

இன்று தட்டோடு மாடிக்குப் போனேன். தலை நரைத்த பயல், அதே மாதிரி குனிந்தான். மாஸ்க் போட்டுக்கொண்டு ஊத முடியுமா? இறக்கிவிட்டுத்தான் ஊதினேன்.

"அத்தான், இப்பத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றான்.

14 மே, வியாழன்

பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, பாத்திரம் கரியாகிவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து வடிவு ஓடிவந்தாள்.

"தெருமுக்கு வரைக்கும் தீஞ்ச வாடை வருது. மூக்கு எங்க போச்சு உங்களுக்கு?"

பேப்பரில் முழுகிவிட்டேன். அவ்வளவுதான். ஒரு பாத்திரத்துக்கு ஒரு நாள் பூராவும் வசவு.

16 மே, சனி

தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். என்னவோ, சப்பென்று இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் பால் கதை மறுபடி வரும்.

18 மே, திங்கள்

உலகுக்குக் காய்ச்சல். காலையில் திருநீறு பூசப் போனபோது நெற்றி சுட்டது. மத்தியானம் இருமல் ஆரம்பித்தது, கீழே கேட்கும்படி. நான் அப்போதே நினைத்தேன். எல்லையில் குச்சியைச் சரியாக உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். கூட்டத்தில் மூக்கு நுனியைத் தொட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

திருநீறெல்லாம் நிறுத்தியாயிற்று. தட்டைப் படியில் வைத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிடுவேன். வடிவுக்கு மட்டும் வழக்கம்போல்.

20 மே, புதன்

இரவு முழுக்க வடிவுக்குக் காய்ச்சல். எனக்கு வந்த ஆத்திரத்தில் முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"சென்னையில இருந்து மூட்டை கட்டிக் கொண்டாந்துட்டியேலே! உங்கக்காளுக்கு ஏதாவது ஆச்சு, உன்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன்!"

எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். மேலேயிருந்து இருமல்தான் வந்தது.

சுகாதாரத் துறையிலிருந்து வந்து மூவருக்கும் சோதனை எடுத்தார்கள். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "வீட்டுல இருக்கீங்கல்ல சார்" என்றாள் அந்தப் பெண்.

21 மே, வியாழன்

மூவருக்கும் இருக்கிறது.

எனக்கும்! ஒரு தும்மல்கூட இல்லை. காலையில் ஐம்பது தோப்புக்கரணம் போட்டவன் நான். உலகிடமிருந்து எனக்கும் ஒட்டியிருக்கிறது, ஆனால் இந்த உடம்பிடம் அதன் வேலை பலிக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு ஆம்புலன்ஸ் வந்தது. வடிவுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியதால் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கும், எங்கள் இருவரையும் ஒரு கல்லூரி விடுதியில் போட்டிருக்கும் மையத்துக்கும் பிரித்தார்கள். ஏறுவதற்கு முன் வடிவு தம்பியைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளாக அவள் பார்க்கத் தவித்த முகம்.

"நீ வராமலே இருந்திருக்கலாம்லா தம்பி" என்றாள். கோபமாகக்கூட இல்லை. சலிப்பாகச் சொன்னாள். "நான் எப்படியும் போட்டும். அத்தானையும்லா சேத்து இழுத்துட்ட."

உலகு தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வண்டியில் ஏறினேன்.

23 மே, சனி

அறைக்கு இரண்டு கட்டில். அதிலும் என்னையும் உலகையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து இருமுகிறான். காலையில் கபசுரக் குடிநீர், பொங்கல், அவித்த முட்டை. நாங்கள் சைவம், முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவன் வாங்கிச் சாப்பிடுகிறான். சென்னை எல்லாவற்றையும் பழக்கிவிட்டிருக்கிறது.

வராந்தாவில் உடற்பயிற்சி நடத்த ஆரம்பித்திருக்கிறேன். என்னைப் போல நோய்க்குறி ஒன்றும் இல்லாதவர்கள்தான் இங்கே பாதிப் பேர். "நீங்க எதுக்கு சார் இங்க இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

25 மே, திங்கள்

சுடலைமுத்து போன் பண்ணினான். அவன் வீட்டில் மகன், மருமகள், அவன் எல்லாருக்குமே இருக்கிறதாம். வேறொரு மையத்தில் இருக்கிறான்.

"யாருக்கும் ஒண்ணும் செய்யல மாஸ்டர். பயலுக்கு ஒரு இருமல்கூடக் கிடையாது. அவன் வந்த மறுவாரமே எல்லாருக்கும் இருந்திருக்கும்ங்காவ. நாமதான் மைதானத்துல சேந்து நடந்தோம்லா, அதான் உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு…"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

27 மே, புதன்

டாக்டர் ஜெபசெல்வி சின்ன வயது. கவச உடைக்குள் கண் மட்டும்தான் தெரியும். என் உடற்பயிற்சி வகுப்பை நிறுத்தச் சொல்ல வந்தார். மூச்சை இழுத்து வேகமாக விடும் பயிற்சி வேண்டாம், சுற்றிலும் நிற்கிறவர்களுக்கு நல்லதில்லை என்றார். எல்லாருக்கும்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்றேன். வேலை செய்கிறவர்களுக்கு இல்லையே என்றார். அந்த எரிச்சலில்தான் கேட்டேன்.

"எனக்கு இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. அவன் ராப்பகலா இருமுதான். அவன்கிட்ட இருக்கதும் என்கிட்ட இருக்கதும் ஒண்ணா மேடம்?"

பொறுமையாகத்தான் சொன்னார். சோதனையில், எத்தனை சுற்று ஓட்டிய பிறகு கிருமி கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒரு எண் வருமாம். எண் குறைவாக இருந்தால் கிருமி அதிகம்.

"உங்க எண்ணும் அவரு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார். சொல்லப்போனா உங்களுக்கு ஒரு புள்ளி கம்மி. நோய்க்குறி இல்லாதவங்க மூக்குலயும் தொண்டையிலயும் கிருமி இருக்கத்தான் செய்யுது. அது எல்லாமே உயிரோட இருக்கிற கிருமின்னு சோதனையை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஆனா பேசினா, பாடினா, ஊதினா வெளிய வரும். இருமினாத்தான் வரும்னு இல்ல."

"ஊதினா?"

"ஆமா. ஏன் சார்?"

"சும்மா. விசில் ஊதுவேன், பி.டி. மாஸ்டர்."

அவர் உலகின் தாள்களைப் புரட்டினார். "இவருக்கு எல்லையில எடுத்தப்ப இல்ல. அப்புறம் வீட்டுல தனியா இருந்திருக்காரு. ஒன்பது நாள் கழிச்சுக் காய்ச்சல். வழியிலயே தொத்தி, மெதுவா வெளிய தெரிஞ்சிருக்கலாம். இல்ல, வீட்டுக்கு வந்த பிறகும் தொத்தியிருக்கலாம். யாருகிட்ட இருந்து யாருக்குன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. உங்களுக்கு நடுவுல வாசனை தெரியாம, ருசி தெரியாம ஏதாவது இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

உலகு கட்டிலில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். டாக்டர் இருந்தவரை அவன் இருமவே இல்லை. தூங்கியிருப்பான்.

28 மே, வியாழன்

பயிற்சி நடத்தவில்லை. முழங்கால் வலி.

30 மே, சனி

வடிவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் ஒருத்தி தன் போனில் வீடியோவில் காட்டினாள். முகத்தில் பாதியை மாஸ்க் அடைத்திருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் விடிந்து இவ்வளவு நேரம் கழித்து அந்த நெற்றியை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைலா?" என்று கேட்டாள். மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"அவன்தான்… நம்ம ரெண்டு பேரையும்… இப்படிப் பண்ணிட்டான். இனி அவன் நம்ம வீட்டு வாசல மிதிக்கக்கூடாது. சொல்லிருங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். உலகு இரண்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னது இதுதான்: "பேசாத வடிவு, மூச்சு வாங்குது."

போனை வைத்ததும் உலகு வெளியே போய் வராந்தாவில் நின்றான். மூச்சு முட்டுகிறவளிடம் போய் எதைச் சொல்வது? அந்த நிலைமையில் எந்த மனுஷனும் அப்படித்தான் செய்வான்.

1 ஜூன், திங்கள்

உலகுக்கு இல்லை என்று வந்துவிட்டது. ராப்பகலாக இருமியவனுக்கு இல்லை. எனக்கு இன்னும் இருக்கிறது.

பையைக் கட்டிக்கொண்டு வந்து என் கட்டில் பக்கம் நின்றான். "வாரேன் அத்தான்" என்றான். பழக்கதோஷம், தலை தானாகக் குனிந்தது. மேசைமேல் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. என் கையும் தானாக எழுந்தது. பாதியில் நிறுத்தினேன்.

"இப்ப வேண்டாம்டே. எனக்கு இன்னும் இருக்கு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஆமா அத்தான்" என்றான். "இப்ப வேண்டாம்."

'இப்ப' என்ற சொல்லை அவன் அழுத்தினானா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா தெரியவில்லை. அந்தப் பொட்டலத்தை அக்காவிடம் சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான்.

3 ஜூன், புதன்

உலகு போன் பண்ணினான். சமாதானபுரத்தில் ஒரு நண்பன் வீட்டு மாடியில் இருக்கிறான். தினமும் கஞ்சியும் வெந்நீரும் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உள்ளே விடமாட்டார்கள், நர்ஸ் வாங்கிக்கொள்வாள்.

"திருநீறு குடுத்தியா?"

"குடுத்தேன். யாரு கொண்டாந்ததுன்னு கேட்டுருக்கா. தம்பின்னு நர்ஸ் சொல்லிட்டாங்களாம். திருப்பி அனுப்பிட்டா."

"கஞ்சி?"

"அது ஆஸ்பத்திரிக் கஞ்சின்னு நெனச்சுக் குடிக்கா. நானும் சொல்லல."

5 ஜூன், வெள்ளி

அறையில் தனியாக இருக்கிறேன். மறுபடியும் இருக்கிறது என்று வந்துவிட்டது. ஓடினால் ஒரு கிலோமீட்டர் ஓடுவேன், அவ்வளவு தெம்பாக இருக்கிறேன். இந்தத் தெம்பைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது.

கோவிலில் பூஜை நடந்த நாளில்கூட நான் மனசார இவ்வளவு கும்பிட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்திருக்கக்கூடாதா? ஒரே ஒரு நாள் இருமியிருக்கக்கூடாதா? வாயை மூடிக்கொண்டு மூலையில் கிடந்திருப்பேனே. பால் தீய்ந்தது தெரியவில்லை. சொதி சப்பென்று இருந்தது. அது போதாதா எனக்கு? பையன் ஒருத்தன் காலைச் சாய்த்து நடந்தாலே சுளுக்கு என்று கண்டுபிடிக்கிறவன் நான்.

சரியாகக் கணக்குப் போட்டால் எல்லாக் கோடும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. எழுத வேண்டாம். வடிவு நல்லபடியாக வரட்டும். வந்ததும் முதல் வேலை அவளிடம் சொல்வதுதான்.

8 ஜூன், திங்கள்

எனக்கும் இல்லை என்று வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தேன். வாசல் ஸ்டிக்கர் வெயிலில் பாதி உரிந்து தொங்குகிறது. எதிர்வீட்டுக்காரர் தள்ளி நின்று, "மச்சான் பண்ணின வேலையைப் பாத்தீங்களா சார்" என்றார். நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கரிப்பாத்திரம் இன்னும் தொட்டியில் கிடந்தது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

12 ஜூன், வெள்ளி

வடிவு வந்துவிட்டாள். முருகா! பாதி உடம்புதான் திரும்பி வந்திருக்கிறது, வளையல் முழங்கை வரை ஏறுகிறது. நாலு எட்டு வைத்தால் உட்கார வேண்டும். ஆனால் வந்துவிட்டாள். நடையில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என் முதுகைத் தட்டினாள்.

"எனக்குத் தெரியும், நீங்க தனியா என்ன பாடு பட்டிருப்பியன்னு" என்றாள்.

சாயங்காலம் உலகு வந்தான். கேட்டுக்கு வெளியேயே நின்றான். சாத்துக்குடிப் பையைக் கேட்டுக்கு உள்பக்கம் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டான். நான் அவனுக்குச் சோறு வைத்த அதே முறை. வடிவு கட்டிலில் இருந்தபடி, "யாரு?" என்றாள். உலகு என்றேன்.

"கதவைச் சாத்துங்க."

நான் கதவருகே நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தால் போதும், மூன்று சொல்தான். அவள் இன்றுதான் வந்திருக்கிறாள், இன்றைக்கே வேண்டாம் என்று தோன்றியது. கதவைச் சாத்தினேன்.

சாத்துக்குடி பிழிந்து கொடுத்தேன். இனிப்பாக இருக்கிறது, எங்கே வாங்கினீங்க என்று கேட்டாள். மார்க்கெட்டில் என்றேன்.

13 ஜூன், சனி

காலையில் குளித்துச் சாமி கும்பிட்டுத் தட்டோடு வந்தேன். வடிவு எழுந்து உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, கண்ணை மூடி, நெற்றியை நீட்டினாள். இந்த ஒன்றுக்காகத்தான் உசுரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன் என்றாள்.

மூன்று விரலால் பூசினேன். கையால் மறைத்தேன். உதடு குவிந்தது, மூச்சு வரவில்லை. அவள் கண்ணை மூடியபடி காத்திருந்தாள். மறைத்த கையை எடுத்ததும் திருநீறு உதிர்ந்து கண்ணில் விழுந்துவிட்டது.

"ஸ்ஸ்… என்னங்க, ஊதலையா?"

"இல்ல."

"ஏன்?"

சொன்னேன். சுடலைமுத்துவை, மைதானத்தை, பாலை, சொதியை, மாஸ்க்கை இறக்கிவிட்டு மாடியில் ஊதியதை, டாக்டர் சொன்னதை. நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். ஆனால் எனக்கு நிச்சயம் என்றேன். உலகுக்கு நான் கொடுத்தது, உனக்கும் நான் கொடுத்தது. அவன் எதையும் கொண்டு வரவில்லை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சிவந்துவிட்டது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கேன்."

"எப்ப இருந்து?"

"டாக்டர் சொன்னப்ப பக்கத்துலதான் கிடந்தான்."

"நான் போன்ல அவனைப் பேசினப்ப?"

"அதுக்கு முன்னாடிதான்."

"நேத்து கதவைச் சாத்தச் சொன்னப்ப உங்களுக்குத் தெரியும்."

சாத்துக்குடித் தோல் இன்னும் மேசைமேல்தான் கிடந்தது. அதைப் பார்த்தாள்.

"அந்தக் கிருமி உங்களுக்குத் தெரியாம வந்தது. அதுக்கு உங்களை ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். "போனை எடுங்க. எந்தம்பிக்குப் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, நானாகவே முற்றத்துக்கு வந்துவிட்டேன். அழுகை மட்டும்தான் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் நின்று கத்திய அதே இடத்தில் நின்று, அன்றைக்குக் கத்திய அளவுக்கே சத்தமாக, அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வேட்டி கீழே விழுந்தது.

14 ஜூன், ஞாயிறு

உலகு வந்தான். நடை வழியாக வந்தான். நான் தட்டோடு வந்தபோது அக்காவும் தம்பியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவு தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இன்று அவளே பூசிக்கொண்டாள்.